ஒளியை வைத்துப் பூச்சியை அடையாளம் காண்பது எப்படி? மதுரைக்கு அதனால் என்ன பயன்?

2025-ல் ஆந்திர அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விசாகப்பட்டினம், விஜயவாடா, நெல்லூர், கர்நூல் உள்ளிட்ட ஆறு மாநகராட்சிகளில், 66 இடங்களில், கொசுவை அடையாளம் காணும் கருவிகளைச் சோதனை முறையில் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். என்ன இனம், ஆணா பெண்ணா, எவ்வளவு அடர்த்தி என்பதைக் கருவியே சொல்லும் என்றார்கள். ‘ஏ.ஐ. கொசு ஒழிப்பு’ என்ற பேச்சு அதன்பின் தமிழ்நாட்டிலும் பரவியது. அது கொசுவைக் கொல்லுமா? கேமராவில் படம் பிடிக்குமா? டெங்குக் கிருமி இருக்கிறதா என்றும் சொல்லிவிடுமா? மதுரைக்கு வந்தால் வீட்டு வாசலில் புகை அடிப்பது நின்றுவிடுமா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: கொல்லாது. அடையாளம் காண்பது மட்டுமே இந்தக் கருவிகளின் வேலை. மற்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல, அடையாளம் காண்பது ஏன் தேவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் தெரிந்தால்தான் வேலை தெரியும்

மதுரை மாவட்டத்தில் நம்மைக் கடிக்கும் கொசுக்கள் பல இனங்கள். நோய் பரப்புவதில் முக்கியமானவை நான்கு. நான்கும் வாழும் இடம் வேறு, கடிக்கும் நேரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல.

1. ஈடிஸ் எஜிப்தி. டெங்கு, சிக்குன்குன்யா இரண்டையும் பரப்புவது. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் இதற்கு வேண்டும். குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருக்களில் டிரம், சிமெண்டுத் தொட்டி, மூடி உடைந்த சின்டெக்ஸ் என்று பிடித்து வைத்துக்கொள்கிறோம். டிரம்மின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்புள்ளிகளாக முட்டைகளை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீரைக் கொட்டினாலும் அந்த முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான். கடிப்பது பகலில். மற்ற நேரம் கட்டிலுக்கு அடியிலும் கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும்.

2. கியூலெக்ஸ் குயின்குவிஃபேசியேட்டஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் சாக்கடைக் கொசு. கிருதுமால் நதி, பந்தல்குடி வாய்க்கால் போன்று கழிவுநீர் கலந்து தேங்கும் இடங்களில் பெருகும். இரவில் காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

3. அனாபிலஸ் ஸ்டீபன்சி. நகர்ப்புற மலேரியாவைப் பரப்புவது. கிணறும் மேல்நிலைத் தொட்டியும் இதன் இடம்.

4. கியூலெக்ஸ் ட்ரைடினியோரிங்கஸ். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புவது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் பெரியாறு–வைகைப் பாசன வயல்களில் நாற்று நட்டுத் தண்ணீர் நிற்கும் காலத்தில் பெருகும். மனிதரைவிட மாட்டையும் பன்றியையும் அதிகம் கடிக்கும்.

ஒரு தெருவில் ‘கொசு அதிகம்’ என்று புகார் வருகிறது. அது இரண்டாம் வகை என்றால் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். முதல் வகை என்றால் வாய்க்காலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் டெங்கு குறையாது; வீடு வீடாகப் போய் டிரம்மைப் பார்த்து, கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றவோ தேய்த்துக் கழுவவோ வேண்டும். தெருவில் போகும் புகை வண்டியின் மருந்து, வீட்டுக்குள் துணிக்குப் பின்னால் இருக்கும் ஈடிஸைப் போய்ச் சேருவது கடினம். இனம் தெரியாமல் செலவிடும் மருந்தும் ஆள் உழைப்பும் பெரும்பாலும் வீண் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டெங்கு வார்டில் ஒரு குழந்தை படுத்திருக்கும்போது, அந்த வீண் வெறும் கணக்குப் புத்தக விஷயமாக இருக்காது.

வயலிலும் இதே கதைதான். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லித் தோட்டத்தில் மொட்டு கெட்டுப்போவதற்கு இரண்டு பூச்சிகள் முக்கியக் காரணம். மொட்டுப்புழு மொட்டைத் துளைத்து உள்ளே தின்னும். அருகருகே உள்ள மொட்டுகளை நூலால் பின்னியும் வைக்கும். மொட்டு ஈயின் புழு மொட்டின் அடியில் நுழையும். மொட்டு அடிப்பக்கம் வீங்கி, ஊதா நிறமாகி, காய்ந்து உதிரும். மொட்டு ஈயின் புழு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது. செடி மேல் மட்டும் மருந்து அடித்தால் மண்ணில் இருப்பது தப்பிவிடும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் விவசாயிக்கு மருந்துக் கடையில் கடன் ஏறுவதுதான் மிச்சம்.

இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மதுரைக்கு இந்த விஷயத்தில் நல்ல பின்னணி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-களிலேயே இங்கே மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. மூளைக்காய்ச்சல் கொசுக்களைப் பற்றி அங்கே நடந்த ஆய்வுகள் பெயர் பெற்றவை. இப்போது அது புதுச்சேரியில் உள்ள நோய் பரப்பும் பூச்சிகள் ஆராய்ச்சி மையத்தின் கள நிலையமாக இயங்குகிறது. பயிர்ப் பூச்சிகளுக்கு, யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடையை ஒட்டி 1965-ல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

பூச்சியியலாளர் கொசுவைப் பிடித்து நுண்ணோக்கியில் வைத்துக் கால் பட்டை, சிறகுப் புள்ளி, மார்பில் உள்ள வெள்ளிக் கோடு ஆகியவற்றைப் பார்த்து இனம் சொல்வார். ஈடிஸ், அனாபிலஸ், கியூலெக்ஸ் என்று பிரிப்பது பழகிய கண்ணுக்கு எளிது. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

அனாபிலஸ் குலிசிஃபேசிஸ் என்ற கிராமப்புற மலேரியாக் கொசுவை எடுத்துக்கொள்ளுங்கள். அது உண்மையில் ஓர் இனமே இல்லை. ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து இனங்களின் தொகுப்பு. வெளித்தோற்றத்தில் ஐந்தும் ஒன்றே. நுண்ணோக்கியில் வைத்தாலும் பிரிக்க முடியாது. ‘பி’ மலேரியாவைப் பரப்புவதில் சோப்ளாங்கி. ‘ஈ’ அப்படி இல்லை. அந்த ‘ஈ’ இனம் இருப்பதே நமக்கு அருகில் உள்ள ராமேஸ்வரம் தீவில் நடந்த ஆய்வுகளில்தான் தெரிய வந்தது. ஆண் கொசுவின் ஒய் குரோமோசோம் வடிவத்தைப் பார்த்து அதைப் பிரித்தார்கள். அந்த வேலையைத் தினமும் நூற்றுக்கணக்கான கொசுக்களுக்குச் செய்ய எந்த மாவட்டத்தாலும் முடியாது.

வயதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிரமம். பெண் கொசுவின் வயிற்றைப் பிளந்து, சூலகத்தை ஊசி முனையால் வெளியே எடுத்து, அதில் உள்ள மூச்சுக் குழல்கள் சுருண்டிருக்கின்றனவா விரிந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சுருண்டிருந்தால் இன்னும் முட்டையிடாதது, விரிந்திருந்தால் ஒரு முறையாவது இட்டது. அதற்கு மேல் துல்லியம் கிடைப்பது அரிது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க பி.சி.ஆர். சோதனை வேண்டும். ஒளி நுழைவது இந்த மூன்று சிரமமான இடங்களில்தான்: ஒரே மாதிரி தோற்றமுள்ள இனங்கள், வயது, கிருமி.

ஒரே பெயரில் மூன்று கருவிகள்

செய்திகளில் ‘ஒளி ஸ்கேனர்’, ‘சென்சார்’, ‘லேசர்’ எல்லாம் ஒன்றுபோலப் பேசப்படுகின்றன. அவை வேறு வேறு.

*அ) நிறமாலைக் கருவி.* நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குச் சற்று அப்பால், சுமார் 700 முதல் 2,500 நானோமீட்டர் வரை உள்ள ஒளி அண்மை அகச்சிவப்பு. ஒரு பொருளில் கார்பன்–ஹைட்ரஜன், ஆக்சிஜன்–ஹைட்ரஜன், நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தால், அவை இந்த ஒளியில் குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உறிஞ்சும். உதாரணமாக, தண்ணீர் 1,450 நானோமீட்டரை ஒட்டியும் 1,940-ஐ ஒட்டியும் பலமாக உறிஞ்சும். பூச்சியின் மேலோடு கைட்டின், புரதம், மெழுகு போன்ற கொழுப்பு ஆகியவற்றால் ஆனது. அந்தக் கலவை இனத்துக்கு இனம் மாறும். ஒரே கொசுவிலும் வயது ஏற ஏற மாறும். திரும்பி வரும் ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அதுதான் நிறமாலை.

*ஆ) சிறகடிப்பு சென்சார்.* பொறியின் வாயில் ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளி உணரி. நடுவில் பூச்சி பறந்தால் சிறகின் நிழல் விட்டு விட்டு விழும். அந்தத் துடிப்பை எண்ணினால் நொடிக்கு எத்தனை சிறகடிப்பு என்று தெரியும். பெண் ஈடிஸ் நொடிக்குச் சுமார் 400 முதல் 600 முறை அடிக்கும். ஆண் அதைவிட வேகம். தெருவில் வருவது புல்லட்டா ஸ்கூட்டியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறோமே, அந்த மாதிரி. மைக் வைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் கொசுவின் சத்தம் மிக மெல்லியது. மாட்டுத்தாவணி மாதிரி இரைச்சலான இடத்தில் மைக்குக்கு வேலையே இல்லை. ஒளி உணரிக்கு இரைச்சல் ஒரு பொருட்டல்ல. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், விலை குறைந்த சென்சாரோடு இன்னொரு தடயத்தையும் சேர்த்தார்கள்: பூச்சி வந்த நேரம். இரண்டு இனங்களின் சிறகடிப்பு வேகம் ஒன்றோடொன்று மேவும் இடத்தில், காலை எட்டு மணிக்கு வந்ததா நள்ளிரவில் வந்ததா என்பது முடிவைத் தெளிவாக்குகிறது.

*இ) லேசர் வீச்சு.* திறந்த வெளியில் நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்துக்கு லேசர் கற்றையை நீட்டி, குறுக்கே பறக்கும் பூச்சிகளிலிருந்து சிதறி வரும் ஒளியைப் படிப்பது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இதில் முன்னோடி. எந்த நேரத்தில் எவ்வளவு பூச்சி எந்த உயரத்தில் நடமாடுகிறது என்று அறிய அருமையான கருவி. மாவட்ட அளவுத் திட்டத்துக்கு இப்போதைக்குத் தூரம்.

கேமராவில் படம் பிடித்து இனம் சொல்வது நான்காவது வழி. அதுவும் பயன்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கேமராவும் பார்க்காது என்பதால் இங்கே அதை விட்டுவிடலாம். மருத்துவ ரீதியில் கனமான கேள்விகளுக்குப் பதில் தேடுவது முதல் வழி. இனிப் பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

ஒரு கொசு, ஒரு ஸ்கேன்

ஆய்வகத்தில் நடப்பது இது. கொசுவைக் குளிர வைத்தோ குளோரோஃபார்ம் காட்டியோ கொல்வார்கள். பால் வெள்ளையான ஒரு தட்டின் மேல் அதை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். அந்தத் தட்டு, விழும் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பி அனுப்பும் பொருளால் ஆனது. முதலில் வெறும் தட்டை ஸ்கேன் செய்து அதையே நூறு சதவீதம் என்று வைத்துக்கொள்வார்கள். ஒளியிழை முனையைக் கொசுவின் தலைக்கும் மார்புக்கும் நேர் மேலே, இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்துவார்கள். வயிற்றைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. இரத்தம் குடித்த வயிறு, முட்டை நிறைந்த வயிறு, காலி வயிறு மூன்றும் வேறு வேறு வளைகோட்டைத் தரும். வயதையோ இனத்தையோ தேடும்போது அது குழப்பும்.

ஒரு விசையை அழுத்தினால் சில நொடிகளில் வளைகோடு திரையில் வந்துவிடும். ரசாயனம் எதுவும் வேண்டாம், கொசு சிதைவதும் இல்லை. அதே கொசுவைப் பின்னால் பி.சி.ஆர். சோதனைக்கும் அனுப்பலாம். கருவி விலை பல லட்சம் ரூபாய் என்றாலும், ஒரு கொசுவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அந்த வளைகோடு தானாகப் பேசாது

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். இரண்டு கொசுக்களின் வளைகோட்டை அருகருகே வைத்துப் பார்த்தால் நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஏற்கெனவே இனமும் வயதும் உறுதியாகத் தெரிந்த நூற்றுக்கணக்கான கொசுக்களை ஸ்கேன் செய்து, ‘இது இன்னது’ என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்புறம்தான் புதிய கொசுவைக் காட்டினால் எதை ஒத்திருக்கிறது என்று அது கணிக்கும். ஸ்கேனர் தருவது அளவீடு; இனப்பெயர் என்பது ஒப்பிட்டுச் சொல்லும் கணிப்பு.

இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

1. கற்றுக்கொடுத்த தொகுப்பில் இல்லாத இனத்தைக் கருவிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் பல மென்பொருள்களுக்குத் தெரியாது. இருப்பதில் நெருக்கமான ஒன்றின் பெயரைச் சொல்லிவிடும்.

2. ஆய்வகத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, 27 டிகிரியில் வளர்த்த கொசுவை வைத்துக் கற்றுக்கொடுத்துவிட்டு, செல்லூரில் பிடித்த கொசுவைக் காட்டினால் துல்லியம் இறங்கும். வெளியில் வளர்ந்த கொசு தின்றது வேறு, பட்ட வெயில் வேறு. பல நாட்டு ஆய்வுகளிலும் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

3. மதுரையின் வெயிலுக்கே தனிக் கவனம் வேண்டும். பூச்சிக்கு உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. வெப்பம் ஏறினால் சிறகடிப்பு வேகமும் ஏறும். குளிர்நாட்டில் அளந்து வைத்த எண்ணை மே மாத மதுரையில் அப்படியே பயன்படுத்த முடியாது. நிறமாலைக் கருவிக்கும் இதே சங்கடம் வேறு வழியில் வரும். பொறியில் செத்துக் கிடக்கும் கொசு வெயிலில் வேகமாகக் காயும். தண்ணீர் பலமாக ஒளியை உறிஞ்சுவதால், ஈரம் குறைந்தாலே வளைகோடு மாறிவிடும். பிடித்த எத்தனை மணி நேரத்துக்குள், எந்த முறையில் பாதுகாத்து ஸ்கேன் செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கற்றுக்கொடுக்கும்போதும் அதே முறையைப் பின்பற்ற வேண்டும்.

வயதுதான் பெரிய பரிசு

இனப்பெயரைவிட வயதைச் சொல்லும் திறமைதான் இந்த நுட்பத்தில் மதிப்புமிக்கது.

டெங்கு நோயாளியைக் கடித்த ஈடிஸ், மறுநாளே அடுத்தவருக்கு டெங்குவைத் தந்துவிடாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, உடல் முழுதும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய வேண்டும். அதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாள் ஆகும். மலேரியா ஒட்டுண்ணிக்கும் பத்து நாளுக்குக் குறையாமல் ஆகும். கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். ஆக, நோய் பரப்புவது கிழட்டுக் கொசு மட்டுமே. ஒரு வார்டில் ஆயிரம் இளம் கொசு இருப்பதைவிட, நூறு முதிய கொசு இருப்பது ஆபத்து.

மருந்து அடிப்பதற்கு முன்னும் பின்னும் கொசுக்களைப் பிடித்து வயதைப் பார்த்தால் என்ன தெரியும்? மருந்து வேலை செய்திருந்தால் முதியவை செத்திருக்கும். அடுத்த சில நாட்களில் பிடிபடுபவை புதிதாகப் பொரிந்து வந்தவையாக இருக்கும். எண்ணிக்கை பழையபடி ஏறியிருந்தாலும், வயது குறைந்திருந்தால் மருந்து பலித்திருக்கிறது. அடித்த பிறகும் முதியவையே கிடைத்தால் இரண்டில் ஒன்று: மருந்து அவை உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சேரவில்லை, அல்லது அந்த மருந்துக்குக் கொசு பழகிவிட்டது. வெறும் எண்ணிக்கையை வைத்து இந்த வித்தியாசத்தைப் பிரிக்கவே முடியாது. இன்று புகை அடிப்பதன் பலனைப் பெரும்பாலும் புகார் குறைந்ததா என்று பார்த்தே எடைபோடுகிறோம்.

துல்லியம் எவ்வளவு? 2009-ல் தான்சானியாவை மையமாகக் கொண்டு வெளியான ஆய்வில், ஏழு நாளுக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்பதைச் சுமார் 80 சதவீதம் சரியாகப் பிரித்தார்கள். தோற்றத்தில் ஒன்றான இரண்டு ஆப்பிரிக்க அனாபிலஸ் இனங்களையும் ஏறக்குறைய அதே அளவு துல்லியத்தில் பிரித்தார்கள். நம் குலிசிஃபேசிஸ் சிக்கலைப் போன்றதே அது. 80 சதவீதம் என்பது ஒரு தனிக் கொசுவைப் பற்றி முடிவு சொல்லப் போதாது. ஆனால் ஒரு வார்டில் பிடித்த முந்நூறு கொசுக்களின் மொத்த வயதுப் போக்கு ஏறியதா இறங்கியதா என்று பார்க்க அது பெரிய உதவி. தனித்தனித் தவறுகளின் அளவு தெரிந்திருந்தால், கூட்டத்தில் அதைக் கழித்துக்கொள்ள முடியும்.

கிருமியைக் கண்டுபிடிப்பது: 95 சதவீதத்தின் கணக்கு

2018-ல் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள ஆய்வாளர்கள் ஜிகா வைரஸ் தொற்றிய ஈடிஸ் கொசுக்களை அண்மை அகச்சிவப்பு ஒளியில் 94 முதல் 99 சதவீதம் வரை சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். பி.சி.ஆர். முறையைவிட 18 மடங்கு வேகம், 110 மடங்கு மலிவு என்று கணக்கிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அவை ஆய்வகத்தில் வேண்டுமென்றே தொற்று ஏற்றிய கொசுக்கள். தெருவில் பிடிக்கும் கொசுக்களில் வைரஸ் உள்ளவை மிக அரிது. அந்த அரிது என்பதே கணக்கை மாற்றிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,000 கொசு பிடித்தோம். அவற்றில் 5-க்கு வைரஸ் இருக்கிறது. கருவி 95 சதவீதம் சரி என்று வைப்போம். இருக்கும் ஐந்தையும் ஏறக்குறையப் பிடித்துவிடும். மீதி 995-ல் 5 சதவீதம், அதாவது சுமார் 50 நல்ல கொசுக்களையும் ‘தொற்று உண்டு’ என்று சொல்லிவிடும். மொத்தம் 55 எச்சரிக்கை. அதில் உண்மை 5. பதினொன்றுக்கு ஒன்று. இந்த 55-ஐ அப்படியே செய்திக்குக் கொடுத்தால் ஊரே பதறும்.

சரி, அந்த 55-ஐ மட்டும் பி.சி.ஆருக்கு அனுப்பினால் 945 சோதனை மிச்சம்தானே? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையில் கொசுக்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பதில்லை. ஒரு குழாயில் பலவற்றைச் சேர்த்து அரைத்துத்தான் சோதிக்கிறார்கள். 25 கொசு ஒரு குழாய் என்றால் 1,000 கொசுவுக்கு 40 சோதனையே போதும். அதனால் கிருமி தேடும் வேலையில் ஒளி ஸ்கேனின் லாபம் விளம்பரத்தில் தெரியும் அளவுக்கு இல்லை. இனத்துக்கும் வயதுக்கும்தான் முதலிடம் தர வேண்டும் என்று சொல்ல இன்னொரு காரணம் இது.

ஏற்கெனவே பலன் தந்த இடங்கள்

ஆப்பிரிக்காவில் தூக்க நோயையும் கால்நடை நோயையும் பரப்பும் செட்சி ஈயை ஒழிக்க, ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்க விடுகிறார்கள். அதற்கு ஆணையும் பெண்ணையும் முதலில் பிரிக்க வேண்டும். கூட்டுப்புழு ஓட்டுக்குள் இருக்கும்போதே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்திப் பார்த்தால், உள்ளே பெண் ஆணைவிட ஓரிரு நாள் முன்னதாகக் கருக்கத் தொடங்குவது தெரிகிறது. அதை வைத்துப் பிரிக்கும் கருவியை சர்வதேச அணுசக்தி முகமையின் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆய்வகம் உருவாக்கியது. இங்கே ஒளிக்குக் கேட்கும் கேள்வி மிக எளிமையானது, ஆணா பெண்ணா என்பது மட்டும். பூச்சியும் ஒரே பண்ணையில் ஒரே வெப்பத்தில் வளர்ந்தது. வெற்றிக்குக் காரணம் அதுதான்.

நமக்கு நெருக்கமான இன்னொன்று வோல்பாகியா. அது கொசுவின் உடலில் வாழும் ஒரு பாக்டீரியா. அது இருக்கும் ஈடிஸில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகாது. புதுச்சேரி மையம் அப்படிப்பட்ட ஈடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. ஓர் ஊரில் அவற்றை விட்டால், வாராவாரம் பிடிக்கும் கொசுக்களில் எத்தனை பங்கு வோல்பாகியா உள்ளவை என்று தொடர்ந்து பார்த்தாக வேண்டும். 2016-லேயே ஒளி ஸ்கேனால் அதைப் பிரிக்க முடியும் என்று ஆய்வு வந்துவிட்டது. மேலே சொன்ன அரிது என்ற சிக்கலும் இங்கே இல்லை. பரவத் தொடங்கிய ஊரில் பெரும்பங்கு கொசுக்களில் பாக்டீரியா இருக்கும்.

தானியக் கிடங்கிலும் இதற்கு இடம் உண்டு. அரிசி வண்டின் புழு தானிய மணிக்கு உள்ளேயே வளரும். வெளியே துளை தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். கோதுமை மணிக்குள் ஒளிந்த புழுவை அண்மை அகச்சிவப்பில் கண்டுபிடிக்கலாம் என்பது 1990-களிலேயே அமெரிக்க வேளாண்துறை ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது.

ஸ்கேனர் தேவையில்லாத இடமும் உண்டு

2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்ட மக்காச்சோளப் படைப்புழு அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்தது. தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரி மக்காச்சோளக்காரர்களுக்கு அதன் சேதம் நன்றாகவே தெரியும். அந்தப் புழுவை அடையாளம் காண எந்தக் கருவியும் வேண்டாம். தலையில் தலைகீழாக ஒய் எழுத்து போன்ற வெளிர்கோடு. வால்பக்கம், கடைசிக்கு முந்தைய கண்டங்களில் ஒன்றில், சதுரத்தின் நான்கு மூலைபோல நான்கு கரும்புள்ளிகள். குருத்தை விரித்துப் பார்த்தால் போதும். ஒளிக் கருவி உதவக்கூடியது அதற்கு முந்தைய கட்டத்தில்: இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் அந்துப்பூச்சிகளில் வேறு இனங்களும் கலந்துவிடுகின்றன, செதில் உதிர்ந்துபோன அந்துப்பூச்சியை இனம் பிரிப்பது பழகியவருக்கும் கடினம்.

மல்லியிலும் ஊதா மொட்டையும் நூல் பின்னிய மொட்டையும் கண்ணாலேயே பிரிக்கலாம். அங்கே குறை கருவியில் இல்லை. அந்த வித்தியாசத்தை விவசாயிக்குக் காட்டிக்கொடுக்க ஆள் போகாததுதான் குறை.

மதுரையில் தொடங்குவதென்றால்

ஒரு நகருக்குக் கருவி வரும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, விலை என்ன, எத்தனை வாங்கினார்கள் என்பது. அதைவிட அவசியமான கேள்விகள் இவை:

1. எந்த ஊர்க் கொசுவை வைத்துக் கற்றுக்கொடுத்தது? மதுரையில், கோடையிலும் ஐப்பசி மழையிலும் பிடித்து, பூச்சியியலாளர் கையால் பெயரிட்ட மாதிரிகள் அதில் உண்டா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்றால் மீதிக் கேள்விகள் தேவையே இல்லை.

2. துல்லியம் சொல்கிறார்களே, அது ஆய்வகக் கொசுவிலா, தெருக் கொசுவிலா?

3. பொறி எதை ஈர்க்கிறது? உள்ளே வந்த பூச்சியை மட்டுமே சென்சார் எண்ணும். இரவில் விளக்கு வைத்து ஈர்க்கும் பொறி, பகலில் கடிக்கும் ஈடிஸைப் பெரும்பாலும் தவறவிடும். ‘ஈடிஸ் குறைவு’ என்று அந்தப் பொறி காட்டினால் அதை நம்பி டிரம் சோதனையை நிறுத்திவிடக் கூடாது.

4. கருவி சொன்னதில் ஒரு பங்கையாவது நுண்ணோக்கியிலும் பி.சி.ஆரிலும் மாதாமாதம் சரிபார்க்கிறார்களா?

5. முடிவு யார் கைக்குப் போகிறது? வார்டில் டிரம் டிரம்மாகத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும் கொசுப் புழு ஒழிப்புப் பணியாளர்களுக்கு, ‘இந்தத் தெருவில் முதிய ஈடிஸ் அதிகம், முதலில் இங்கே போங்கள்’ என்று அன்றே தெரிய வேண்டும். தினக்கூலிக்கு அந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கணினித் திரையில் வரைபடமாக மட்டும் நின்றுவிட்டால் அவர்கள் வேலையில் எதுவும் மாறாது.

இந்த ஐந்தில் முதலாவதற்கு வேண்டிய ஆட்கள் மதுரையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். கொசுவுக்குக் கள நிலையமும், பயிர்ப் பூச்சிக்கு வேளாண்மைக் கல்லூரியும் இங்கேயே உள்ளன. ஸ்கேனர் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை, நம் வட்டாரத்துப் பூச்சிகளைப் பருவம்தோறும் பிடித்து, பெயரிட்டு, ஸ்கேன் செய்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் நிறமாலைத் தொகுப்பாக வைப்பதற்கு ஒதுக்க வேண்டும். அதைச் செய்யப் பூச்சியை நேரில் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் பணியிடங்களைக் காலியாக விட்டுவிட்டுக் கருவியை மட்டும் வாங்கினால், அதற்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்காது.